பத்திரத்தில் எழுதிய தோப்பு

கொல்கத்தாவின் தொடக்கக் கதை ஒரு கிரயப் பத்திரத்தில் இருக்கிறது. 1698 நவம்பர் 10ஆம் தேதியிட்ட, பாரசீக மொழியில் எழுதப்பட்ட அந்தப் பத்திரத்தின்படி, சுதானுட்டி, கலிகத்தா, கோவிந்தபூர் என்ற மூன்று ஊர்களின் மீதான உரிமையைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1,300 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது. கொடுத்தவர்கள் சாபர்ண ராய் சௌத்ரி குடும்பத்தார். பெஹாலாவின் தென்பகுதியான பரிஷாவில் இருக்கும் அவர்களுடைய ஆட்சாலா மண்டபத்தில்தான் அது கையெழுத்தானது என்று சொல்வார்கள். சவுரவ் கங்குலியின் ஊர் என்ற அளவில்தான் பெஹாலா நம்மில் பலருக்கு அறிமுகம். ஒரு மாநகரத்தின் தலையெழுத்து எழுதப்பட்ட இடம் அது என்பது வெளியே அவ்வளவாகத் தெரியாது. அந்தப் பத்திரத்தில் என்னென்ன கைமாறின என்று பார்த்தால், வாரம், வாடகை வருமானத்தோடு தரிசு, குளம், தோப்பு, மீன்பிடி உரிமை, காட்டு உரிமை, ஊரில் குடியிருக்கும் கைவினைஞர்கள் செலுத்தவேண்டிய வரி என்று வரிசையாக வருகின்றன. நம் ஊர்ப் பழைய பத்திரங்களில் ‘மாவடை மரவடை’ என்று எழுதுவார்கள் அல்லவா, ஏறக்குறைய அதே கணக்கு. தோப்பு அந்த விற்பனையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்ட அலங்காரம் இல்லை. விற்கப்பட்ட பொருளில் அதுவும் ஒன்று.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. பழைய வீடுகளைச் சுற்றிக் காட்டுகிறவர்கள் நாடெங்கும் பெருகிவிட்டார்கள். தோட்டச் சுற்றுலா என்ற பெயரில் பழம் பறிக்கக் கூட்டிப் போகிறவர்களும் பெருகிவிட்டார்கள். இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை. வீட்டைக் காட்டுகிறவர் தூணையும் வளைவையும் காட்டி அனுப்பிவிடுகிறார். தோட்டத்தைக் காட்டுகிறவர் பழத்தையும் நிழலையும் காட்டி அனுப்பிவிடுகிறார். பரிஷாவின் வீட்டையும், அங்கிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில் பாருய்ப்பூரில் இருக்கும் கொய்யா, லிச்சித் தோட்டங்களையும் ஒரே நாளில், ஒரே வழிகாட்டியின் பேச்சில் சேர்த்துக் காட்டவேண்டும் என்பது என் வாதம். வீடு எதைத் தின்று வளர்ந்தது என்பது தோட்டத்தில்தான் தெரியும். தோட்டம் யாருக்காக வளர்க்கப்பட்டது என்பது வீட்டில்தான் தெரியும். இப்படிச் சேர்க்கும்போது தோட்டக்காரருக்கு வீட்டுக்காரருக்குச் சமமான இடமும் பேச்சும் பணமும் கிடைக்கவேண்டும். அது இல்லையென்றால் இந்த இணைப்பு வீண்.

முதலில் வீடு. ஆட்சாலா என்ற வங்கச் சொல்லுக்கு எட்டுச் சரிவுக் கூரை என்று பொருள். பழைய மண்டபத்தில் இன்று கண்ணை நிறைப்பவை தூண்கள்தான். அந்த முற்றத்தில் இன்னும் துர்கா பூஜை நடக்கிறது. 1610இல் தங்கள் முன்னோர் லட்சுமிகாந்த மஜும்தார் தொடங்கியது என்று குடும்பம் சொல்லும் அந்தப் பூஜை, கொல்கத்தாப் பகுதியின் மிகப் பழைய குடும்பப் பூஜையாக மதிக்கப்படுகிறது. இப்போது குடும்பம் கிளைகளாகப் பிரிந்து எட்டு இடங்களில் நடத்துகிறது. ஆறு பரிஷாவிலேயே, மற்ற இரண்டு பிராட்டியிலும் நிம்தாவிலும். ‘பொரோ பாடி’ என்கிற பெரிய வீட்டில் குடும்பத்தார் ஓர் அருங்காட்சியகம் நடத்துகிறார்கள். ஆண்டுதோறும் ஒரு வரலாற்று விழாவும் நடக்கிறது. இந்தக் குடும்பத்தின் அமைப்பு தொடுத்த பொதுநல வழக்கில்தான் 2003 மே மாதம் கல்கத்தா உயர் நீதிமன்றம், வரலாற்று அறிஞர்கள் குழுவின் அறிக்கையை ஏற்று, கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கை நகரத்தின் நிறுவனர் என்று சொல்ல முடியாது, அவர் வந்திறங்கிய ஆகஸ்ட் 24 நகரத்தின் பிறந்தநாளும் இல்லை என்று தீர்ப்பளித்தது. வெள்ளைக்காரன் படகை விட்டு இறங்கிய நாளிலிருந்து ஊர் தொடங்கவில்லை. அதற்கு முன்பே அங்கே உழவும் நெசவும் சந்தையும் இருந்தன என்பதுதான் அதன் சாரம். ஆகஸ்ட் 22ஐச் சென்னை நாளாகக் கொண்டாடும்போதெல்லாம் மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் அதற்கு எத்தனை நூற்றாண்டு மூத்தவை என்று நாம் கேட்கிறோம். அதே கேள்வியை அங்கே நீதிமன்றத்துக்கே கொண்டுபோனார்கள்.

ஆனால் அந்தத் தீர்ப்பின் பொருளை வீட்டுக்குள் நின்றுகொண்டு ஒருவர் முழுதாக உணர முடியாது. சார்னாக்குக்கு முன்பே ஊர் இருந்தது என்றால், அந்த ஊர் எங்கே? மூன்று கிராமங்களும் காங்கிரீட்டுக்கு அடியில் போய்விட்டன. நகரத்தில் மரப் பெயர்கள் மட்டும் தங்கியிருக்கின்றன: தென்னை மேடாக நார்கேல்டாங்கா, பனையடியாகத் தால்தலா, எலுமிச்சையடியாக நேபுதலா, வாழைத் தோட்டமாகக் கலாபாகான், பூந்தோட்டமாகப் பூல்பாகான். சென்னையில் புளியந்தோப்பு இருப்பதுபோல. மரம் போய்ப் பெயர் நின்றுவிட்ட இந்த நகரத்தில், வீடும் குளமும் தோட்டமுமாக இருந்த பழைய தென்வங்க வாழ்க்கையைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் தெற்கே போகத்தான் வேண்டும். ஜமீன் வீடு என்பது ஒரு கணக்கு அலுவலகம். சுற்றிலுமிருந்த நிலத்தின் விளைச்சல் வரியாக மாறி அங்கே வந்து சேர்ந்தது. தூணாக, பூஜையாக, பித்தளை விளக்காக மாறியது. வரவுப் பக்கத்தைக் கிழித்துவிட்டுச் செலவுப் பக்கத்தை மட்டும் படித்துக்காட்டுவது போன்றதுதான் இன்றைய வீட்டுச் சுற்றுலா.

பாருய்ப்பூர் அந்த வரவுப் பக்கம். பெயரே விவசாயத்திலிருந்து வந்தது: வங்கத்தில் ‘பாருய்’ என்றால் வெற்றிலை வளர்ப்பவர், நம் மொழியில் கொடிக்கால்காரர். இன்று அந்த ஊரின் அடையாளம் கொய்யா. பாருய்ப்பூர் கொய்யாவுக்கு 2025இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. கூடவே மே மாதத்தில் லிச்சி, வாட்டர் ஆப்பிள் என்று நாம் சொல்லும் ஜம்ரூல், சப்போட்டா, மா. பெரும்பாலும் சிறு தோட்டங்கள், குளக்கரையை ஒட்டி, வீட்டுக் கொல்லையோடு சேர்ந்தவை. சியால்டா தெற்குப் பிரிவு லோக்கல் ரயில்களில் கூடை கூடையாக இந்தப் பழம் நகரத்துக்கு ஏறுகிறது. கொல்கத்தாவின் நடைபாதையில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கொய்யா தின்கிறவர் எத்தனையோ பேர்; அது காய்த்த மரத்தைப் பார்த்தவர் அவர்களில் மிகக் குறைவாகத்தான் இருப்பார்கள்.

பார்க்கவேண்டிய வேலை ஒன்று அங்கே நடக்கிறது. கொய்யா புதுத் துளிரில்தான் பூக்கும் மரம். விட்டால் மழைக்காலத்தில் கொட்டிக் காய்க்கும். அப்போது விலை இருக்காது, பழ ஈயின் தொல்லையும் அதிகம். காய்ப்பைக் குளிர்காலத்துக்குத் தள்ளினால் பழமும் திரட்சியாக இருக்கும், விலையும் கிடைக்கும். அதற்காக அந்தப் பக்கத்து விவசாயிகள் கிளையை வளைக்கிறார்கள். நிமிர்ந்து வளர்ந்த கிளையில் நுனியில் கொஞ்சம் இலையை மட்டும் விட்டுவிட்டு, மற்ற இலை, பூ, பிஞ்சு, பக்கச் சிம்பு எல்லாவற்றையும் உருவிவிடுகிறார்கள். பிறகு கிளையை ஒடியாமல் மெல்ல மெல்லத் தாழ்த்தி, கயிறு போட்டு முளையிலோ அடிமரத்திலோ கட்டுகிறார்கள். எவ்வளவு வளைந்தால் தாங்கும், எந்த இடத்தில் நார் முறியும் என்பது கைக்குத்தான் தெரியும். சில வாரத்தில் வளைந்த கிளையின் முதுகு முழுக்கப் புதுத் துளிர் வெடிக்கும், துளிரோடு மொட்டும் வரும். கோடையில் வளைத்த கிளை குளிர்காலத் தொடக்கத்தில் காய் தரும். பிஞ்சு கொஞ்சம் பருத்ததும் ஈ குத்தாமல் ஒவ்வொன்றுக்கும் உறை கட்டவேண்டும். ஒரு மரத்துக்கே எத்தனை முறை கை போகவேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். ஆட்சாலாவின் தூணைக் கட்டிய கொத்தனாரின் திறமையை விளக்க அரை மணி நேரம் எடுத்துக்கொள்கிற வழிகாட்டி, இந்தக் கைத்திறமைக்கும் அதே அரை மணியைக் கொடுக்கவேண்டும். இரண்டும் அந்த மண்ணின் கைவினைதான்.

தோட்டத்தில் வரலாறு இல்லை, வெறும் இயற்கைதான் என்று நினைப்பவர்களுக்குக் கொய்யாவே பதில். அது இந்திய மரம் இல்லை. அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து போர்ச்சுக்கீசியக் கப்பலில் வந்தது. ‘கொய்யா’ என்ற நம் சொல் போர்ச்சுக்கீசிய ‘கோயாபா’வின் பிள்ளை. வங்காளி சொல்லும் ‘பேயாரா’ அதே மொழியில் பேரிக்காய்க்கு வழங்கும் ‘பேரா’விலிருந்து வந்தது. சப்போட்டாவின் தாய்வீடு மெக்சிகோப் பக்கம். லிச்சி சீனத்திலிருந்து வந்தது. கம்பெனி எந்தக் கடல் வழியாக வந்து பரிஷாவில் பத்திரம் எழுதியதோ, அதே கடல் வழிகள் திறந்துவிட்டதுதான் பாருய்ப்பூரின் தோட்டமும். வந்தவன் போய்விட்டான், வந்த மரம் ஊர்ப் பெயரோடு சேர்ந்து குறியீடு வாங்குமளவுக்கு ஊர்க்காரனாகிவிட்டது. வங்கத்தின் அரசியல் வரலாற்றிலும் தோப்புக்குப் பங்கு உண்டு. 1757 ஜூன் 23 அன்று பிளாசிப் போரில் கம்பெனித் தளபதி கிளைவின் படை அணிவகுத்து நின்றது ஒரு மாந்தோப்பில்தான். இலக்கிய வரலாற்றிலும் பாருய்ப்பூருக்கு இடம் உண்டு: நாவலாசிரியர் பங்கிம் சந்திரர் டெபுடி மாஜிஸ்திரேட்டாகப் பாருய்ப்பூரில் பணியாற்றிய 1860களில்தான் அவருடைய முதல் வங்க நாவலான ‘துர்கேசநந்தினி’ 1865இல் வெளிவந்தது. கல்லில் மட்டும் வரலாற்றைத் தேடுகிற பழக்கத்தை விட்டால், பார்க்க எவ்வளவோ இருக்கிறது.

வீட்டையும் தோட்டத்தையும் நான் வலிந்து முடிச்சுப்போடவில்லை, சட்டமே முடிச்சுப்போட்டிருக்கிறது. 1793இல் காரன்வாலிஸ் கொண்டுவந்த நிரந்தர நிலவரித் திட்டம் ஜமீன்தாரை நிலத்தின் உடைமையாளர் ஆக்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1953ஆம் ஆண்டின் மேற்கு வங்க எஸ்டேட் கையகப்படுத்தல் சட்டம் அந்த இடைத்தரகு முறையை ஒழித்தது. ஒழித்தபோதும் பழைய ஜமீன்தார்கள் சிலவற்றைக் கையில் வைத்துக்கொள்ள அனுமதித்தது: குடியிருக்கும் வீடும் மனையும், மீன் வளர்க்கும் குளம், பழத்தோட்டம். அதாவது, ஒரு ஜமீன் குடும்பத்தின் பெரும் சொத்து கரைந்தபோது கடைசியில் மிஞ்சக்கூடியவற்றில் வீடும் தோட்டமும் உண்டு என்று சட்டம் எழுதி வைத்தது. தமிழ்நாட்டின் 1961 நில உச்சவரம்புச் சட்டத்திலும் தோப்புகளுக்கு விலக்கு இருந்ததை நம் கிராமங்கள் நன்றாக அறியும். நெல் வயல் உழுபவனுக்குப் போகலாம், மரம் நிற்கும் நிலம் போகாது என்றால், மரம் வைப்பது ஒரு விவசாய முடிவாக மட்டும் இருக்குமா? ஒரு வழிகாட்டி இந்த ஒரு கேள்வியைத் தோட்டத்து வரப்பில் நின்று கேட்டாலே போதும், அரை நாள் வகுப்புக்குச் சமம்.

இங்கேதான் முதல் மறுப்பு எழும். ஜமீன் வீட்டைக் காட்டுவதே ஜமீனைக் கொண்டாடுவதாகாதா? குத்தகைக்காரரின் வயிற்றில் அடித்துக் கட்டிய வீட்டுக்கு ஏன் டிக்கெட் வாங்கிப் போகவேண்டும்? இது நியாயமான கேள்வி. நான் இதை ஒதுக்க மாட்டேன். பெஹாலா வழியாகப் போகும் டயமண்ட் ஹார்பர் சாலையில் தெற்கே இன்னும் போனால் காக்துவீப் வரும். 1946-47இல் விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு உழுபவனுக்கு வேண்டும் என்று எழுந்த தேபாகா போராட்டத்தின் முக்கியக் களங்களில் அது ஒன்று. 1978இல் தொடங்கிய ஆபரேஷன் பர்கா பங்குச் சாகுபடியாளரின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றியது. இவை சொல்லப்படாமல் ஒரு வீட்டைச் சுற்றிக் காட்டினால் அது துதிபாடல்தான். ஆனால் தீர்வு, வீட்டுக்குப் போகாமல் இருப்பதா? வீட்டை மட்டும் பார்க்கும் சுற்றுலாவில் அந்தக் கதைக்கு இடமே கிடைப்பதில்லை; பூஜையும் பரம்பரையும் நேரத்தைத் தின்றுவிடும். பிற்பகலில் ஒரு சிறு விவசாயியின் தோட்டத்தில் போய் உட்காரும்போது அது தானாக வரும். இந்த நிலம் யார் பெயரில், தாத்தா காலத்தில் யார் பெயரில், யாருக்கு எவ்வளவு அளந்தீர்கள் என்று கேட்காமல் யாரும் அங்கிருந்து எழுந்து வர முடியாது. இரண்டையும் சேர்க்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே முதற்காரணம். சாபர்ண குடும்பத்தார் தங்கள் வீட்டின் கதையை நீதிமன்றம் வரை கொண்டுபோய்ப் பதிவு செய்தார்கள், அது அவர்களுடைய உரிமை. கொய்யாத் தோட்டக்காரரின் கதைக்கு அருங்காட்சியகமும் இல்லை, விழாவும் இல்லை. அவர் வாயால் அதைச் சொல்ல ஒரு மேடை வேண்டும்.

இரண்டாவது மறுப்பு பணத்தைப் பற்றியது, இதுதான் கடினமானது. கொல்கத்தா தெற்கே விரிந்துகொண்டே போகிறது. மனையாக விற்றால் கிடைக்கும் தொகைக்கு முன்னால் கொய்யா என்ன செய்யும், வாரத்துக்கு ஒரு வண்டி சுற்றுலாப் பயணிகள்தான் என்ன செய்வார்கள்? ஒன்றும் செய்யமாட்டார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நுழைவுக் கட்டணத்தால் ஒரு தோட்டத்தை மனைத் தரகரிடமிருந்து காப்பாற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். ஆனால் அதே கொல்கத்தாவின் கிழக்கு எல்லையில் நடந்ததைப் பாருங்கள். நகரத்தின் கழிவுநீரில் மீனும் காய்கறியும் வளர்க்கும் கிழக்கு ஈரநிலத்தை ஒரு காலத்தில் வெறும் சதுப்பு, கட்டடம் கட்டக் காத்திருக்கும் இடம் என்றுதான் எல்லோரும் பார்த்தார்கள். துருபஜ்யோதி கோஷ் என்ற பொறியாளர் அங்குள்ள மீனவர்கள், விவசாயிகளின் அறிவை ஆண்டுக்கணக்கில் எழுதிக் காட்டினார். 1992இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அதைக் காக்கும் வகையில் உத்தரவிட்டது. 2002இல் 12,500 ஹெக்டேர் பரப்பு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ஆக்கிரமிப்பு அதோடு நின்றுவிடவில்லை. இருந்தும், இது ஒரு வெற்றிடம் என்று இனி யாரும் கோப்பில் எழுத முடியாது. உழைப்பு நடக்கும் நிலத்தை நகரத்தார் நேரில் பார்ப்பதும், அதற்கு ஒரு பெயர் வைத்துப் பேசத் தொடங்குவதும் தரும் பாதுகாப்பு அதுதான். பாருய்ப்பூர்க் கொய்யாவுக்குக் குறியீடு இருக்கிறது. அந்தக் குறியீட்டுக்குப் பின்னால் நின்று வாதாடக்கூடிய மனிதர்கள் இன்னும் உருவாகவில்லை. வீட்டுக்கு வந்தவர்களைத் தோட்டம் வரை கூட்டிப்போனால் அவர்களில் சிலராவது அப்படி ஆவார்கள்.

கூட்டம் வந்தால் தோட்டம் கெடும் என்பார்கள். கெடும்தான். வளைத்துக் கட்டிய கிளை தோளில் பட்டால் முறியும். உறை போட்ட காயை ஒருவர் அழுத்திப் பார்த்தால் அது அன்றோடு சரி. ஆகவே நாள்காட்டியைத் தோட்டக்காரர் கையில் கொடுக்கவேண்டும். எந்த மாதம் கதவு திறக்கும், எந்த வாரம் மூடும், எத்தனை பேர் உள்ளே வரலாம் என்பதை அவர் சொல்லவேண்டும், பயண ஏற்பாட்டாளர் கேட்கவேண்டும். பன்னிரண்டு பதினைந்து பேருக்கு மேல் ஒரு தோட்டம் தாங்காது என்பது என் கணிப்பு. கட்டணத்திலும் ஒரு நேர்மை வேண்டும். ‘பழம் வாங்குவார்கள், அதில் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டு நுழைவுப் பணம் முழுவதையும் ஏற்பாட்டாளரே வைத்துக்கொள்ளும் முறை பல ஊர்த் தோட்டச் சுற்றுலாக்களில் உண்டு. அது கூடாது. விவசாயியின் நேரத்துக்கும் பேச்சுக்கும் தனிக் கூலி, பழத்துக்குத் தனி விலை. வீட்டில் விளக்கம் சொல்பவருக்குக் கொடுக்கும் அதே தொகை தோட்டத்தில் விளக்கம் சொல்பவருக்கும். லிச்சி பறித்த இரண்டு மூன்று நாளில் தோல் பழுப்பேறி மதிப்பிழக்கும் பழம். மே மாதத்தில் அவருடைய ஒரு மணி நேரம் எவ்வளவு விலை பெறும் என்பதை அறியாதவர்கள் அந்தப் பருவத்தில் அங்கே போகவே வேண்டாம்.

இது காசுள்ளவர்களின் பொழுதுபோக்காகிவிடும் என்ற கவலைக்கு ரயில் பாதையே பதில் சொல்கிறது. 2022 டிசம்பரில் ஜோக்காவிலிருந்து தாராதலா வரை தொடங்கிய மெட்ரோ, 2024 மார்ச்சில் மாஜேர்ஹாட் வரை நீண்டது. சகேர்பஜார் நிலையத்தில் இறங்கினால் பரிஷா. காலையில் வீட்டைப் பார்த்துவிட்டு மெட்ரோவில் மாஜேர்ஹாட் போய், அங்கே பஜ்பஜ் பாதை லோக்கல் ரயிலில் பாலிகஞ்ச், அங்கிருந்து இன்னொரு லோக்கலில் பாருய்ப்பூர் என்று ஒரு பள்ளி வகுப்பே போய்விடலாம். குளிரூட்டிய வேன் தேவையில்லை. போகிற வழியில் டாலிகஞ்ச் வருகிறது. 1806 ஜூலை 10 வேலூர்ப் புரட்சிக்குப் பிறகு, திப்பு சுல்தானின் பிள்ளைகளைக் கோட்டையிலிருந்து கிளப்பிக் கம்பெனி கொண்டுவந்து குடியேற்றிய இடம் அது. தமிழ் மாணவர்கள் அந்த ரயிலில் போனால் ஜன்னலைக் காட்டிச் சொல்ல ஒரு சொந்தக் கதை இருக்கிறது. வழிகாட்டியின் திறமை இங்கேதான் தெரியும். இரண்டு இடத்துக்கும் நடுவில் இருக்கும் ஒரு மணி நேரத்தை உறங்கவிடாதவரே நல்ல வழிகாட்டி.

எங்கேயோ வங்கத்தில் நடக்கவேண்டியதைத் தமிழ்ப் பத்திரிகையில் எதற்கு எழுதுவது என்று கேட்கலாம். கொல்கத்தாவில் தலைமுறைகளாகத் தமிழர்கள் வாழ்கிறார்கள் என்பது ஒரு பதில். அதைவிட முக்கியமான பதில், இதே பிளவு நம் வீட்டிலும் இருக்கிறது. 1947 ஆகஸ்ட் 15 அன்று மேற்கு வங்கத்தின் முதல் ஆளுநராகக் கொல்கத்தாவில் பொறுப்பேற்ற ராஜாஜி, ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்தவர். அவர் பிறந்த வீட்டை அரசு நினைவு இல்லமாக வைத்திருக்கிறது. அதே கிருஷ்ணகிரி மாவட்டம் தமிழ்நாட்டின் மாங்கனிக் களஞ்சியம். ஆண்டுதோறும் கிருஷ்ணகிரியில் அகில இந்திய மாங்கனிக் கண்காட்சி நடக்கிறது. சந்தூரில் ஒட்டு மாங்கன்று கட்டும் நாற்றங்கால்கள் வரிசையாக இருக்கின்றன. பெங்களூரா மாம்பழம் கூழ் ஆலைகளுக்குப் போகிறது. நினைவு இல்லத்துக்கு வருகிறவர் படங்களைப் பார்த்துவிட்டு நெடுஞ்சாலையில் ஏறிவிடுகிறார். கண்காட்சிக்கு வருகிறவர் தட்டில் அடுக்கிய பழத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். சந்தூரில் ஒருவர் வேர்க்கன்றின் தண்டைக் கத்தியால் பிளந்து, ஒட்டுக் குச்சியை ஆப்பாகச் சீவிச் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிக் கட்டுவதை அவர்களில் யார் பார்த்தார்கள்? செட்டிநாட்டிலும் இதே கதைதான், பர்மாத் தேக்கையும் இத்தாலிப் பளிங்கையும் காட்டுகிறோம், சுற்றியிருக்கும் கண்மாயும் புஞ்சையும் கண்ணில் படுவதில்லை.

இது நடைமுறைக்கு ஒத்துவருமா என்றால், வெளிநாட்டில் ஒத்துவந்திருக்கிறது. இங்கிலாந்தின் வூல்ஸ்தார்ப்பில் நியூட்டன் பிறந்த வீட்டை, 1895இல் தொடங்கப்பட்ட நேஷனல் டிரஸ்ட் பராமரிக்கிறது. எளிமையான கல் வீடு. வருகிறவர்கள் வீட்டோடு நின்றுவிடுவதில்லை, எதிரே இருக்கும் ஆப்பிள் மரத்தடிக்கும் போகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புயலில் சாய்ந்து, சாய்ந்த இடத்திலேயே வேர்விட்டு மறுபடி எழுந்த மரம் அது. அதன் கிளைகளிலிருந்து ஒட்டுக் கட்டிய கன்றுகள் உலகெங்கும் பல்கலைக்கழக வளாகங்களில் நிற்கின்றன. வீடு எங்கும் பயணம் போகாது, ஒட்டுக்கன்று போகும். பரிஷாவுக்கு வந்தவர் பாருய்ப்பூரிலிருந்து ஒரு விண்பதியன் கன்றைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பினால், ஒட்டுமொத்த நாளும் அவர் வீட்டு முற்றத்தில் வளரும்.

மேற்கு வங்கச் சுற்றுலாத் துறையும் சாபர்ண குடும்பத்தாரும் பாருய்ப்பூர் விவசாயிகளும் சேர்ந்து உட்கார்ந்து முடிவெடுக்க ஒரு தேதியையும் சொல்லிவிடுகிறேன்: நவம்பர் 10. பத்திரம் கையெழுத்தான நாள். அந்த வாரத்தில் வங்கத்தில் மழை ஓய்ந்து காலைப் பனி தொடங்கியிருக்கும். ஆட்சாலா முற்றத்தில் காலையில் அந்தப் பத்திரத்தின் ஒரு நகலை வைத்து, என்னென்ன விற்கப்பட்டன என்று ஒவ்வொன்றாகப் படிக்கட்டும்: தரிசு, குளம், தோப்பு. பிற்பகல் ரயிலில் பாருய்ப்பூர் போய்ச் சேரும்போது, கோடையில் வளைத்துக் கட்டிய கிளைகளில் குளிர்காலக் கொய்யா உறைக்குள் பருத்திருக்கும். முதல் காயின் உறையை அவிழ்க்கவேண்டியவர் தோட்டக்காரர்.